ஒரே சர்வர், பல வாடிக்கையாளர்கள்: ரகசிய நிரலைக் காப்பதற்கு முழுமையான வழிகாட்டி

எபேன் சைபர் சிட்டியின் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தாலும் சரி, ரோஸ் ஹில்லில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தாலும் சரி, மொரீஷியசின் சிறு மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பத்துப் பதினைந்து பொறியாளர்கள், நான்கைந்து வாடிக்கையாளர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு மேம்பாட்டு சர்வர். வாடிக்கையாளர்களில் ஒருவர் பாரிசில் காப்பீட்டு நிறுவனம் நடத்துவார். இன்னொருவர் ரியூனியனில் மருந்து விற்பார். மூன்றாமவர் ஜோகன்னஸ்பர்க்கில், முதலாமவருக்கே போட்டியாக, காப்பீட்டுத் துறையில் புதிதாக நுழைபவராக இருக்கலாம். மூவரும் நம்மிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மூவரின் மூல நிரலும் ஒரே வட்டில் அடுத்தடுத்த கோப்புறைகளில் இருக்கும்.

பாதுகாப்பு என்றதும் பணமும் கவனமும் தீச்சுவருக்குத்தான் போகின்றன. வெளியாள் உள்ளே வராதபடி பார்ப்பது தேவைதான். ஆனால் பொது சர்வரில் வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த வாக்கு பெரும்பாலும் உள்ளேதான் முறிகிறது. முறைப்படி கணக்கு வைத்திருக்கும் ஒருவர், தமக்குத் தொடர்பில்லாத திட்டத்தின் கோப்பைத் திறந்து படிக்க முடிகிறது. அதை யாரும் தடுப்பதில்லை, யாருக்கும் தெரிவதும் இல்லை.

இப்படி நடப்பதற்குக் கெட்ட எண்ணம் அரிதாகவே காரணமாக இருக்கும். பெரும்பாலும் எரிச்சல்தான் காரணம். வெள்ளிக்கிழமை மாலை, வாடிக்கையாளர் இணைப்பில் காத்திருக்கிறார், சக ஊழியர் போட்ட கோப்பு திறக்க மறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் இளைய பொறியாளர் வந்து, "அண்ணா, 777 கொடுத்துவிட்டேன், இப்போது வேலை செய்கிறது" என்பார். படிக்க, எழுத, இயக்க எல்லோருக்கும் உரிமை தரும் அந்த ஒரு கட்டளையால் அந்தத் திட்டம் சர்வரில் உள்ள எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. உரிமை உள்ளவருக்கு வழி தடையின்றி இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கட்டளையே தேவைப்பட்டிருக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்: வேலையைத் தடுக்கும் பூட்டை வேலை செய்கிறவரே உடைத்துவிடுவார்.

உங்கள் சர்வரில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் ஓடுகிறது, எல்லோரும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து குறியாக்கப்பட்ட இணைப்பில் நுழையும் முறை) வழியாக நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படியே எழுதுகிறேன். அவற்றின் துணைக் குறிகளை சர்வரின் கையேட்டுப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

படி 1: எது இந்த சர்வருக்கே வரக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

ரூட், அதாவது சர்வரின் முழு நிர்வாக அதிகாரம், உள்ளவர் எல்லாவற்றையும் படிக்க முடியும். அனுமதிகள், குழுக்கள், வட்டுக் குறியாக்கம் எதுவும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ரூட்டைத் தடுக்காது. ஆகவே முதல் கேள்வி: ரூட் யார் யார்? அவர்கள் எல்லோரையும் இந்த வாடிக்கையாளர் ஏற்பாரா?

இதற்கு விடை ஒப்பந்தத்தில் இருக்கும். நம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் வருவதால், பொறியாளர்கள் அதை மேலாளரின் கவலை என்று விட்டுவிடுகிறார்கள். ரகசியம் பற்றிய பிரிவை நீங்களே படியுங்கள். "பெயர் குறிப்பிட்ட ஊழியர்கள் மட்டும்" என்றோ "மற்ற வாடிக்கையாளர்களிடமிருந்து பிரித்து" என்றோ இருந்தால், பொது சர்வரில் ஒரு கோப்புறை போதாது. அந்தத் திட்டத்துக்குத் தனி மெய்நிகர் இயந்திரம் (ஒரே வன்பொருளில் தனிக் கணினி போல ஓடும் அமைப்பு) ஒன்றாவது வேண்டும்.

தடுப்புகளின் வலிமை இந்த வரிசையில் ஏறுகிறது: ஒரே இயந்திரத்தில் தனித்தனிப் பயனர்கள், கன்டெய்னர்கள் (ஒரே கெர்னலில் நிரல்களைப் பிரித்து ஓட்டும் பெட்டிகள்; கெர்னல் என்பது லினக்ஸின் மையம்), மெய்நிகர் இயந்திரங்கள், தனித்தனி வன்பொருள். ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தால் மெய்நிகர் இயந்திரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் கேவிஎம் இலவசம்; இரண்டு இயந்திரங்களைப் பிரிக்க ஒரு பிற்பகல் போதும். மற்றவர்களுக்குப் பொது சர்வரே போதும், கீழ்வரும் படிகளை ஒழுங்காகச் செய்தால்.

படி 2: வாடிக்கையாளருக்குப் புனைபெயர், திட்டத்துக்கு ஒரு குழு

லினக்ஸில் குழுக்களின் பட்டியலையும் பயனர்களின் பட்டியலையும் சர்வரில் உள்ள எவரும் படிக்கலாம். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குழுவுக்கு வாடிக்கையாளரின் பெயரையே வைத்தால், கோப்பு எதையும் திறக்காமலே "இவர்களும் நம் வாடிக்கையாளர்களா" என்று எல்லோரும் தெரிந்துகொள்வார்கள். சில ஒப்பந்தங்களில் உறவு இருப்பதே ரகசியம். அதனால் புனைபெயர் வையுங்கள். மலைகளின் பெயர்கள் நமக்கு வசதியாக இருக்கின்றன: லே பூஸ், பீட்டர் போத், லே மோர்ன். கோப்புறை, குழு, தரவுத்தளம், கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியம், காப்புப் பிரதி எல்லாவற்றிலும் அதே புனைபெயர் இருக்கட்டும்.

திட்டத்துக்கு ஒரு குழு, ஆளுக்கு ஒரு கணக்கு. "டெவ்" என்ற பொதுக் கணக்கில் ஐந்து பேர் நுழையும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். பொதுக் கணக்கு இருக்கும்வரை யார் எதைப் படித்தார் என்ற கேள்விக்கு எந்தப் பதிவேடும் விடை தராது.

படி 3: கோப்புறை அனுமதிகள்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

அனுமதி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரின் உரிமைகள்: படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது கோப்புறைக்குள் நுழைய 1, இவற்றின் கூட்டுத்தொகை. முதலில் வீட்டுக் கோப்புறைகள். உபுண்டு 21.04 பதிப்புக்கு முன்பு, புதிய பயனரின் வீட்டுக் கோப்புறை 755 அனுமதியோடு உருவானது. அதாவது சர்வரில் உள்ள எவரும் உள்ளே போய்ப் படிக்கலாம். 21.04 முதல் அது 750 ஆனது. ஆனால் பழைய சர்வரைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது ஏற்கெனவே உள்ள கோப்புறைகள் பழைய அனுமதியோடுதான் தொடரும். உங்கள் சர்வர் அப்படி வளர்ந்து வந்ததாக இருந்தால், எல்லா வீட்டுக் கோப்புறைகளையும் சிஎச்மோட் 700 ஆக்கிவிடுங்கள்.

அடுத்து திட்டக் கோப்புறைகள். வீட்டுக் கோப்புறைக்குள் திட்டத்தை வைக்காதீர்கள்; எஸ்ஆர்வி கோப்புறைக்குக் கீழே திட்டத்துக்கு ஒன்றாக உருவாக்குங்கள். உரிமையாளர் ரூட், குழு அந்தத் திட்டத்தின் குழு, அனுமதி 2770. ஒவ்வோர் எண்ணுக்கும் வேலை இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு 7-களும் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை தருகின்றன. கடைசி 0 மற்ற எல்லோரையும் வாசலிலேயே நிறுத்துகிறது. வாசல் மூடியிருந்தால் உள்ளே ஒரு கோப்பு தவறுதலாக எல்லோரும் படிக்கும்படி இருந்தாலும் வெளியார் அதை எட்ட முடியாது. முதலில் உள்ள 2 உள்ளே உருவாகும் ஒவ்வொரு கோப்பும் அந்தத் திட்டத்தின் குழுவையே பெறும்படி செய்கிறது. அந்த 2 இல்லாவிட்டால், புதிய கோப்பு அதை உருவாக்கியவரின் சொந்தக் குழுவில் போய் நிற்கும், சக ஊழியருக்குத் திறக்காது, எரிச்சல் தொடங்கும், 777 வரும்.

அதே காரணத்துக்காக யுமாஸ்க் மதிப்பையும், அதாவது புதிய கோப்பிலிருந்து எந்த உரிமைகளை நீக்குவது என்று சொல்லும் எண்ணையும், மாற்றுங்கள். வழக்கமாக இருக்கும் 022 அல்லது 002 என்பதில் புதிய கோப்பை எல்லோரும் படிக்கலாம்; 022 என்றால் குழுவினர் எழுதவும் முடியாது. நமக்கு வேண்டியது நேர் எதிரானது. 007 வையுங்கள்: குழுவினர் எழுதலாம், வெளியார் படிக்கவும் முடியாது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஒவ்வொரு பயனருக்கும் அவர் மட்டுமே உள்ள தனிக் குழு இருப்பதால், திட்டக் கோப்புறைக்கு வெளியே இந்த மதிப்பால் அவருக்கு ஆபத்து இல்லை.

இதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, கோப்பை நகர்த்துவது. நகலெடுத்தால் புதிய கோப்பு உருவாகிறது, திட்டக் குழுவைப் பெறுகிறது. ஆனால் ஒரே வட்டுக்குள் எம்வி கட்டளையால் நகர்த்தினால் கோப்பு தன் பழைய குழுவையும் பழைய அனுமதியையும் சுமந்துகொண்டு வந்துவிடும். வீட்டுக் கோப்புறையிலிருந்து நகர்த்திய கோப்பு சகாவுக்குத் திறக்காமல் போவது இதனால்தான். "நகர்த்தாதே, நகலெடு" என்பதைப் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பின்னணிச் சேவைகள். லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி நடத்தும் சேவைகள் உங்கள் யுமாஸ்க்கைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு 022 தான் இயல்பு. சேவையின் அமைப்புக் கோப்பில் தனியாக எழுத வேண்டும்.

யுமாஸ்க் சிக்கல்களை ஒரே அடியில் தீர்க்க, செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் கோப்புறைக்கு இயல்பு அணுகல் பட்டியல் ஒன்றைக் கொடுக்கலாம். இயல்புப் பட்டியல் இருந்தால், உள்ளே உருவாகும் கோப்புகளுக்கு யுமாஸ்க் பொருட்படுத்தப்படாது. நான் இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். ஒருவர் தம் யுமாஸ்க்கை மாற்றிக்கொண்டாலும் திட்டம் பாதிக்கப்படுவதில்லை.

படி 4: அயலானாக நுழைந்து பாருங்கள்

செய்ததை நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். எந்தத் திட்டக் குழுவிலும் இல்லாத ஒரு பயனரை உருவாக்கி, "அயலான்" என்று பெயர் வையுங்கள். சூடோ (மற்றொரு பயனரின் உரிமையில் கட்டளை ஓட்டும் கருவி) வழியாக அவராக மாறி, அவரால் எதைப் படிக்க முடிகிறது என்று ஃபைண்ட் கட்டளையால் தேடுங்கள். வீட்டுக் கோப்புறைகள், எஸ்ஆர்வி, ஆப்ட், இணையக் கோப்புறையான டபிள்யு-டபிள்யு-டபிள்யு, டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறை, காப்புப் பிரதிகள் கிடக்கும் இடம், ஒன்றையும் விடாதீர்கள்.

முதல் முறை செய்யும்போது கிடைப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும். எஸ்ஆர்வி முழுக்க "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வரும், மனம் நிறையும். பிறகு டெம்ப் கோப்புறையில், "ஏற்றுமதி இறுதி 2" என்பது போன்ற பெயரில், மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் எடுத்து மறந்துவிட்ட தரவுத்தளப் பிரதி 644 அனுமதியோடு கிடக்கும். அதில் வாடிக்கையாளரின் அட்டவணைகள், விலைக் கணக்கீட்டுச் செயல்முறைகள், சில நேரங்களில் உண்மையான மனிதர்களின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண். திட்டக் கோப்புறைக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அந்த ஒரு கோப்பு எல்லோருக்கும் திறந்தே இருந்திருக்கிறது.

இந்தத் தேடலை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி, வாரம் ஒரு முறை தானாக ஓடி, முடிவை நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அனுப்பும்படி அமையுங்கள்.

படி 5: கோப்புறைக்கு வெளியே கசியும் இடங்கள்

டெம்ப் கோப்புறையிலிருந்தே தொடங்குவோம். அதில் உள்ள ஒட்டும் குறி ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காதபடி காக்கிறது, படிப்பதைத் தடுப்பதில்லை. ஒவ்வொருவருடைய டெம்ப்டிர் மாறியையும் அவரவர் வீட்டுக்குள் ஒரு கோப்புறைக்குத் திருப்பிவிடுங்கள். சேவைகளுக்கு சிஸ்டம்டியில் தனித் தற்காலிகக் கோப்புறை தரும் அமைப்பு இருக்கிறது, ஒரே வரிதான்.

அடுத்தது ஓடும் நிரல்களின் பட்டியல். பிஎஸ் கட்டளை போட்டால், மற்றவர் ஓட்டும் நிரலின் முழுக் கட்டளை வரியும் தெரியும். கடவுச்சொல்லையோ அணுகல் சாவியையோ கட்டளை வரியில் எழுதுபவர் அதை எல்லோருக்கும் காட்டுகிறார். அவற்றைச் சூழல் மாறியாகவோ 600 அனுமதியுள்ள கோப்பாகவோ கொடுங்கள். சூழல் மாறிகளை அதே பயனரும் ரூட்டும் மட்டுமே பார்க்க முடியும். ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் புராக் கோப்பு முறைமையை ஹைட்பிட் 2 என்ற விருப்பத்தோடு ஏற்றினால் மற்றவர் நிரல்களே தெரியாமல் போகும். ஆனால் சில சிஸ்டம்டி சேவைகள் இதனால் தடுமாறும். அவற்றுக்கு விலக்குக் குழு ஒன்றைக் கொடுத்து, சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே பொது சர்வரில் போடுங்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. "லோக்கல்ஹோஸ்டில்தான் ஓடுகிறது, பாதுகாப்பாக இருக்கிறது" என்பார்கள். லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி. சொந்த மடிக்கணினியில் அது சரி. பொது சர்வரில் லோக்கல்ஹோஸ்டும் பொது. நீங்கள் 3000 போர்ட்டில் ஓட்டும் முன்னோட்டத் தளத்தை, அந்த சர்வரில் கணக்கு உள்ள எவரும் ஒரு கர்ல் கட்டளையில் பார்க்கலாம். முன்னோட்டத் தளத்துக்கும் உள்நுழைவு வையுங்கள், அல்லது போர்ட்டுக்குப் பதில் யுனிக்ஸ் சாக்கெட் கோப்பை (ஒரே இயந்திரத்தின் நிரல்கள் தமக்குள் பேசும் வாயில்) பயன்படுத்தி அதைத் திட்டக் கோப்புறைக்குள் வையுங்கள். கோப்புறையின் அனுமதியே அதற்கும் காவல்.

தரவுத்தளத்துக்கும் இது பொருந்தும். போஸ்ட்கிரஸின் அணுகல் கோப்பில் உள்ளூர் இணைப்புக்கு டிரஸ்ட் என்று எழுதியிருந்தால், சர்வரில் உள்ள எவரும் எந்தத் தரவுத்தளப் பயனராகவும் கடவுச்சொல் இன்றி நுழையலாம். பியர் (லினக்ஸ் பயனர் பெயரைச் சரிபார்ப்பது) அல்லது ஸ்கிராம் (கடவுச்சொல் கேட்பது) என்று மாற்றுங்கள். நினைவகத் தரவுத்தளமான ரெடிஸ் இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை; திட்டத்துக்கு ஒரு தனி ரெடிஸ் ஓட்டி, சாக்கெட் கோப்பில் அடைத்துவிடுங்கள்.

படி 6: சூடோ, டாக்கர்

இந்த இரண்டில் ஒன்றைத் தாராளமாகக் கொடுத்தாலும் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

கன்டெய்னர்களை நடத்தும் டாக்கரின் குழுவில் சேர்க்கப்பட்டவர் நடைமுறையில் ரூட்தான். சர்வரின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து, உள்ளே ரூட்டாக நின்று, எந்தத் திட்டத்தையும் படிக்கலாம். டாக்கரின் ஆவணங்களே இதை எச்சரிக்கின்றன. பொறியாளர்களுக்குக் கன்டெய்னர் தேவை என்றால் ரூட்டில்லா டாக்கரையோ பாட்மேனையோ கொடுங்கள். சாதாரண மேம்பாட்டு வேலை பெரும்பாலும் எந்த மாற்றமும் இன்றி ஓடும். இன்னொன்று: டாக்கர் வெளியிடும் போர்ட், தனியாக முகவரி கொடுக்காவிட்டால், எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலும் திறக்கும், யுஎஃப்டபிள்யு தீச்சுவர் விதிகளையும் தாண்டிவிடும். எப்போதும் 127.0.0.1 (லோக்கல்ஹோஸ்ட்) என்று முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

சூடோவைக் கட்டளை வாரியாகக் கொடுங்கள். ஆனால் பதிவேடு பார்க்க லெஸ், அமைப்பு மாற்ற விம் என்று கொடுத்தால் அவற்றின் உள்ளிருந்தே ரூட் ஷெல் திறக்க முடியும். கோப்பைத் திருத்த வேண்டியவருக்கு சூடோஎடிட் இருக்கிறது. சேவையை மீண்டும் தொடங்க வேண்டியவருக்கு அந்த ஒரு சேவைப் பெயரோடு ஒரு வரி எழுதுங்கள்.

படி 7: எஸ்எஸ்எச், கிட்

கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, ஆளுக்கு ஓர் ஈடி25519 சாவி. சாவிக்குக் கடவுத்தொடர் கட்டாயம். ரூட்டாக நேரடி நுழைவு வேண்டாம்.

ஏஜென்ட் முன்னனுப்பலை (மடிக்கணினியில் உள்ள சாவியை சர்வரிலிருந்தே பயன்படுத்தவிடும் வசதி) அணைத்துவிடுங்கள். வசதியாக இருக்கிறது என்று பலர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பொது சர்வரில் இருக்கும் நேரமெல்லாம், அதன் ரூட் உங்கள் ஏஜென்ட் சாக்கெட்டைக் கையாண்டு, உங்கள் பெயரில் வாடிக்கையாளரின் சர்வருக்குள்ளேயே நுழைய முடியும். இடைவழி சர்வர் ஒன்றைத் தாண்டிப் போக வேண்டுமானால் புராக்ஸிஜம்ப் பயன்படுத்துங்கள். சாவி மடிக்கணினியை விட்டு நகராது.

சர்வரிலிருந்து கிட் களஞ்சியத்தை இழுக்க, அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும் டிப்ளாய் சாவி, படிக்க மட்டும் உரிமையோடு, போதும். கிட்டின் "ஸ்டோர்" வகைச் சான்றுதவி கடவுச்சொல்லை வெறும் எழுத்தாக வீட்டுக் கோப்புறையில் வைக்கிறது; "கேஷ்" வகை நினைவகத்தில் சிறிது நேரம் மட்டும் வைக்கிறது. இரண்டாவதே நல்லது.

2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 பதிப்பு பொது சர்வர்களுக்காகவே ஒரு பூட்டைச் சேர்த்தது. அதற்கு முன், ஒருவர் டெம்ப் போன்ற பொது இடத்தில் தம் சொந்த கிட் கோப்புறையை வைத்து, அதன் அமைப்பில் ஒரு கட்டளையை ஒளித்தால், அதற்குக் கீழே எங்கேனும் நின்று கிட் ஓட்டும் இன்னொருவரின் உரிமையில் அது ஓடிவிடும். இப்போது கோப்புறையின் உரிமையாளர் வேறொருவர் என்றால் கிட் மறுத்து, சேஃப் டைரக்டரி பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. அந்தச் செய்தி தொந்தரவாக இருக்கிறது என்று நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அனுமதிப்பது இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை. அதைச் செய்யாதீர்கள். திட்டக் கோப்புறையின் முழுப் பாதையை மட்டும் சேருங்கள். புதியவர்களுக்காக நிர்வாகியே இதை சர்வர் அளவில் செய்துவைத்தால் நட்சத்திரத்துக்கு யாருக்கும் கை போகாது.

நிரலுக்குள் ரகசியச் சாவிகள் கலந்து போகாமலிருக்க கிட்லீக்ஸ் போன்ற கருவியைக் கமிட்டுக்கு (மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிவதற்கு) முன் ஓடும்படி வையுங்கள். ஒரு சாவி ஒரு முறை களஞ்சியத்தில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. வரலாற்றில் அது இருக்கும். சாவியையே மாற்ற வேண்டும்.

படி 8: உண்மைத் தரவும் எடிட்டர்களும்

மேம்பாட்டு சர்வரில் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்களுடைய உண்மையான விவரங்கள் இருக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் மொரீஷியசுக்கு, தனிநபர் தரவுக்குப் போதுமான பாதுகாப்பு உள்ள நாடு என்ற முடிவை வழங்கியதில்லை. அதனால் பிரெஞ்சு நிறுவனங்கள் தனிநபர் தரவை நமக்கு அனுப்பும்போது பொதுவாக நிலையான ஒப்பந்தப் பிரிவுகளில் கையெழுத்து வாங்குகின்றன. அதன் இணைப்பில் நாம் எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை விற்பனைப் பிரிவினர் பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து நிரப்புவதுண்டு. அதை வாங்கிப் படித்து, சர்வரில் இல்லாத எதுவும் அதில் எழுதப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்துங்கள்.

எடிட்டர் பற்றி ஒன்று. விஎஸ் கோட் தொலை இணைப்பில் பணியாற்றும்போது பல நீட்சிகள் சர்வரிலேயே, உங்கள் உரிமையில் ஓடுகின்றன. நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவு நீட்சிகள் பல, திறந்திருக்கும் கோப்பின் பகுதிகளை வெளி சர்வருக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ இசைவு இல்லாத திட்டத்தில் அவற்றை அணைத்து வையுங்கள். இசைவு கேட்டால் பலர் தருகிறார்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

படி 9: தாமதமில்லாத புதுப்பிப்பு

சர்வரில் ஏற்கெனவே கணக்கு உள்ளவர் ரூட்டாக மாற உதவும் ஓட்டைகள், பொது சர்வருக்கு மற்ற எதையும்விட ஆபத்தானவை. 2022 ஜனவரியில் வெளியான பிவ்ன்கிட் அப்படிப்பட்டது. பிகேஎக்ஸெக் நிரலில் 2009 முதலே ஒளிந்திருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் டர்ட்டி பைப் வந்தது, கெர்னலிலேயே. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படட்டும். கெர்னலுக்காக மறுதொடக்கம் செய்யும் நேரத்தை வாரத்தில் ஒரு மாலை என்று அறிவித்துவிடுங்கள். "என் நிரல் ஓடுகிறது, நிறுத்தாதீர்கள்" என்பவருக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

படி 10: வட்டு, காப்புப் பிரதி, புயல்

வட்டு முழுவதையும் பூட்டும் லக்ஸ் குறியாக்கம், வட்டு திருடுபோனாலோ பழுதுபார்க்கக் கொடுத்தாலோ காக்கும். ஓடும் சர்வரில் உள்ள அயலாரிடமிருந்து காக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நம் தீவில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் கடந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துச் சென்றதை எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி எழும்போது, குறியாக்கக் கடவுத்தொடரைக் கேட்டு நிற்கும். பாரிசில் வேலை நாள். இந்த நெருக்கடிக்குப் பயந்தே சிலர் குறியாக்கத்தைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர் கடவுத்தொடரைச் சர்வர் மேலேயே ஒட்டி வைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். தொடக்க நிலையிலேயே ட்ராப்பேர் என்ற சிறிய எஸ்எஸ்எச் சர்வர் வழியாக இணைப்பை ஏற்று, வீட்டிலிருந்தே கடவுத்தொடர் கொடுக்கும் அமைப்பைப் போடுங்கள். புயல் பருவம் தொடங்குவதற்கு முன், நவம்பருக்குள், ஒருமுறை உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டித்து ஒத்திகை பாருங்கள்.

காப்புப் பிரதிகளை ரெஸ்டிக் அல்லது போர்க் கொண்டு, அனுப்பும் முன்பே குறியாக்கி, திட்டத்துக்கு ஒரு தனிக் களஞ்சியமாக, தனித்தனிச் சாவியோடு எடுங்கள். எல்லாத் திட்டங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால், ஒரு கோப்பை மீட்க வேண்டியவருக்கு எல்லாமே திறக்கும். ஒப்பந்தம் முடிந்தவரின் பகுதியை மட்டும் அழிக்கவும் முடியாது.

படி 11: பதிவேடும் 72 மணி நேரமும்

ஆடிட் சேவையை நிறுவி, திட்டக் கோப்புறைகளில் மறுக்கப்பட்ட அணுகல்களைப் பதியச் செய்யுங்கள். எல்லாப் படிப்பையும் பதிந்தால் ஒரு கட்டுமானம் ஓடும்போதே பதிவேடு வழிந்துவிடும், மறுப்புகளே போதும். பதிவேடு உடனுக்குடன் வேறொரு இயந்திரத்துக்குப் போகட்டும், சர்வரின் ரூட் அழிக்க முடியாதபடி. சர்வரின் நேரம் யுடிசியில் இருந்தால், நம் நேரம் அதைவிட 4 மணி கூடுதல் என்பதைப் படிக்கும்போது மறக்காதீர்கள். இரவு 11 மணிக்கு யாரோ நுழைந்ததாகத் தோன்றுவது விடியற்காலை 3 மணி.

தனிநபர் தரவு கசிந்திருந்தால் மொரீஷியசின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 2018 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தரவுக்குப் பொறுப்பானவர், இயன்றால் 72 மணி நேரத்துக்குள், தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் பிறர் சார்பில் தரவைக் கையாளுபவர் என்றால் தாமதமின்றி வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும்; ஐரோப்பியச் சட்டத்தின்படி அவருக்கும் அங்கே அதே 72 மணி நேரம் ஓடத் தொடங்கும். யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, எந்தக் கணக்கை முதலில் முடக்குவது என்று ஒரு பக்கத்தில் எழுதி, சர்வரில் அல்லாமல், காகிதத்தில் வையுங்கள். தைப்பூசக் காவடி விடுமுறையில் எவர் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். நமக்கு அரசு விடுமுறை. பிரான்சில் அது சாதாரண வேலை நாள்.

படி 12: ஆள் விலகும்போது, திட்டம் முடியும்போது

ஒருவர் வேலையை விட்டுப் போனால், நிர்வாகிகள் யூசர்மோட் கொண்டு கணக்கைப் பூட்டுவார்கள். அது கடவுச்சொல்லை மட்டுமே பூட்டுகிறது. எஸ்எஸ்எச் சாவியால் அவர் தொடர்ந்து நுழையலாம். கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்த நாளாக மாற்றுங்கள், அவருடைய சாவிக் கோப்பை அகற்றுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளையும் டிமக்ஸையும் (வெளியேறிய பின்னும் ஓடும் அமர்வுகளை வைத்திருக்கும் கருவி) நிறுத்துங்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் கிரான் பட்டியலைப் பாருங்கள். அவர் அறிந்த பொதுச் சாவிகள், தரவுத்தளக் கடவுச்சொற்கள் எல்லாம் மாற வேண்டும்.

கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அழித்தால் அவருடைய பயனர் எண் விடுபடும். அடுத்துச் சேருபவருக்கு அதே எண் கிடைக்கலாம். பழையவரின் எஞ்சிய கோப்புகளெல்லாம் தானாகப் புதியவருடையவை ஆகிவிடும். முடக்கி வைத்து, அவர் கோப்புகளைத் திட்டக் குழுவுக்கு மாற்றிய பிறகு அழியுங்கள், அல்லது எண்ணை ஒதுக்கியே வையுங்கள். ஒருவர் நிறுவனத்துக்குள்ளேயே திட்டம் மாறும்போதும் பழைய குழுவிலிருந்து அன்றே நீக்குங்கள். குழுவிலிருந்து நீக்கியது ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்குப் பொருந்தாது. அவரை ஒருமுறை வெளியேறி நுழையச் சொல்லுங்கள்.

திட்டம் முடிந்தால் ஒப்பந்தம் சொல்வதைப் பார்த்து, நிரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சர்வரில் உள்ள கோப்புறை, தரவுத்தளம், டிப்ளாய் சாவி, கன்டெய்னர் படிமங்கள், மடிக்கணினிகளில் உள்ள நகல்கள் ஆகியவற்றை அழியுங்கள். புனைபெயரை வைத்து சர்வர் முழுவதும் ஒரு முறை தேடினால் மறந்தவை வெளியே வரும். பிறகு வாடிக்கையாளருக்கு எழுதும் அழிப்புக் கடிதத்தில் எவை எவை எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன என்று குறிப்பிடுங்கள். காப்புப் பிரதிகள் இன்னும் சில வாரம் இருக்கும் என்றால் அதையும், அவை அழியும் தேதியையும் அதே கடிதத்தில் எழுதி, அந்தத் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துவையுங்கள்.